வருடி கண்டறியப்படவில்லை

"வருடி எதுவும் கண்டறியப்படவில்லை."

கணினித் திரையில் இந்த ஒரு வரியைக் கண்டதும் எங்களில் பலர் செய்வது ஒன்றுதான். பிளக்கைக் கழற்றி மீண்டும் செருகுவோம். கணினியை அணைத்து மீண்டும் போடுவோம். அதற்கும் சரிவராவிட்டால் "பழுதாய்ப் போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிச் சாதனத்தை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவோம். எங்கள் வீடுகளில் அலுமாரிகளுக்கு மேலே இப்படித் தீர்ப்பளிக்கப்பட்ட பொருட்கள் எத்தனை இருக்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அந்த வரி, சாதனம் பழுது என்று சொல்லவில்லை. "எனக்குத் தெரியவில்லை" என்றுதான் கணினி சொல்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைக் கடந்த தவணை விடுமுறையில் ஒரு பழைய ஸ்கேனருடன் மூன்று நாட்கள் இருந்து அறிந்துகொண்டேன். தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் தங்கைகளுக்கும், பழைய ஆவணங்களைப் பாதுகாத்து வைத்திருக்கும் பெற்றோருக்கும் அது பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் அந்த ஸ்கேனர் எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் உம்மும்மா மன்னார்த் தீவிலுள்ள எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவு மக்களில் பலர் வள்ளங்களில் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தார்கள். உம்மும்மாவும் அப்படி வந்தவர்தான். எங்கள் உம்மாவுக்கு அப்போது எட்டு வயது. உம்மும்மா ஒரு சீலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதற்குள் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், நிக்காஹ் பதிவுச் சான்று, இன்னும் சில தாள்கள். வள்ளத்தில் அடித்த கடல் தண்ணீர் பொலித்தீன் பைக்குள்ளும் இறங்கியிருந்தது. கரைக்கு வந்து தாள்களை ஒவ்வொன்றாக வெயிலில் காய வைத்ததாக உம்மும்மா சொல்வார். காய்ந்த பிறகு தண்ணீர் பட்ட இடமெல்லாம் மஞ்சளும் மண்ணிறமும் கலந்த கறையாக நின்றுவிட்டது.

புத்தளத்தில் இத்தனை வருடங்களாக அந்தப் பை உம்மும்மாவின் அலுமாரியில்தான் இருக்கிறது. ஊர்க் காணி விடயமாக மாமா ஒரு தடவை மன்னாருக்குப் போய், உறுதியின் பின்பக்கத்திலுள்ள பதிவுக் குறிப்பைச் சொல்லித் தேடிப் பார்க்கச் சொன்னார். "நீங்கள் சொல்லும் பக்கத்தில் இந்தக் காணி இல்லை" என்று பதில் வந்தது. இந்த முறை உறுதியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவது என்று தீர்மானித்தார். திங்கட்கிழமை காலை பஸ். அதற்கு முன்னர் எல்லாத் தாள்களுக்கும் ஒரு நல்ல பிரதி எடுத்து வைக்க வேண்டும். உறுதி நான்காக மடிக்கப்பட்டு மடிக்கப்பட்டு, மடிப்புகளில் நூல் போலக் கிழியத் தொடங்கியிருந்தது. பஸ்ஸில் ஒரு மழை பட்டாலும் போதும், கதை முடிந்துவிடும்.

கடையில் கொடுத்து எடுக்கலாமே என்று உம்மா சொன்னபோது உம்மும்மா இணங்கவில்லை. "கடையில குடுத்தா யார் யார் கையில போகுமோ. என்ட கண்ணுக்கு முன்னால வெச்சிச் செய்யிறதெண்டா செய்யுங்க" என்றார்.

போனில் படம் எடுத்துப் பார்த்தோம். மேலே நின்று எடுத்தால் எங்கள் நிழல் விழுந்தது. பல்ப் வெளிச்சத்தில் எடுத்தால் ஒரு பக்கம் வெள்ளையாகப் பளபளத்தது. மடிப்புகள் மேடும் பள்ளமுமாக நின்று எழுத்துகளை வளைத்தன. சாதாரண தாளுக்குப் போன் போதும். கறை படிந்து, மை மங்கி, நெளிந்துபோன தாளுக்கு அது போதவில்லை.

அப்போதுதான் வாப்பாவுக்கு மாமாவின் பழைய ஸ்கேனர் நினைவுக்கு வந்தது. மாமா முன்பு ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருந்தார். கடையை மூடியபோது பொருட்களைப் பெட்டிகளில் கட்டிப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாப்பா போய் அதை எடுத்துவந்தார். தூக்கவே பாரமாக இருந்தது.

அந்தப் பாரத்திலும் ஒரு நன்மை இருக்கிறது. தட்டையான ஸ்கேனர்களில் இரண்டு வகை உண்டு. மெல்லிய, இலேசான வகையில் உணரிகள் கண்ணாடிக்கு மிக அருகிலேயே வரிசையாக இருக்கும். தாள் கண்ணாடியில் ஒட்டி இருந்தால்தான் எழுத்து தெளிவாக விழும். பழைய, பாரமான வகையில் விளக்கின் ஒளி தாளில் பட்டுத் திரும்பி, கண்ணாடிகள் வழியாகச் சென்று, ஒரு வில்லையால் குவிக்கப்பட்டு ஒளியுணர் சில்லில் விழுகிறது. இந்த வகையில் தாள் சற்று மேலே எழுந்திருந்தாலும் எழுத்து மங்காது. மடிப்பு விழுந்த எங்கள் உறுதிக்கு ஏற்றது இந்தப் பழையதுதான். ஆகவே அதைக் கைவிட மனம் வரவில்லை.

முதல் வேலையாக ஸ்கேனரைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். இந்த வகை ஸ்கேனர்களைக் கொண்டுசெல்லும்போது உள்ளே ஓடும் பகுதி அசையாதிருக்க ஒரு பூட்டு இருக்கும். பூட்டுப் படம் போட்ட சிறிய விசை அது. அதைத் திறக்காமல் மின்சாரம் கொடுத்தால் உள்ளே மோட்டார் இழுத்து நறநறவென்று சத்தம் வரும். விசையைத் தள்ளித் திறந்தேன். அடுத்தது மின்சாரம். பெட்டிக்குள் ஒரே மாதிரியான மூன்று அடப்டர்கள் கிடந்தன. ஸ்கேனரின் பின்னால் 12 வோல்ட் என்று இருந்தது. அடப்டர்களின் எழுத்தை வாசித்து 12 வோல்ட் உள்ளதைத் தேர்ந்தெடுத்தோம். கூடிய வோல்ட் உள்ளதைச் செருகினால் ஸ்கேனர் உண்மையிலேயே பழுதாகிவிடும்.

விளக்கு எரிந்தது. தம்பி கைதட்டினான். லெப்டொப்பில் இணைத்து ஸ்கேன் மென்பொருளைத் திறந்தோம். வருடி எதுவும் கண்டறியப்படவில்லை.

எங்கள் வகுப்பில் டீச்சர் ஒருமுறை சொன்ன ஒரு விடயம் அப்போது கைகொடுத்தது. ஒரு சாதனம் கணினிக்குத் தெரிய வேண்டுமென்றால் நான்கு வாசல்களைக் கடக்க வேண்டும். முதலாவது மின்சாரம். இரண்டாவது கேபிளும் யுஎஸ்பி துளையும். மூன்றாவது டிரைவர் எனப்படும் சாதனச் செலுத்தி. நான்காவது நாங்கள் திறக்கும் மென்பொருள். இந்த நான்கில் எந்த வாசல் அடைத்திருந்தாலும் திரையில் வருவது அதே ஒரு வரிதான். ஆகவே அந்த வரியை வாசித்து எதையும் முடிவுசெய்ய முடியாது. கீழிருந்து ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் டீச்சர் சொல்லியிருந்தார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும், செய்ததை எழுதி வைக்க வேண்டும். விஞ்ஞானப் பரிசோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றுவதைப் போலத்தான் இதுவும். ஒரேயடியாகக் கேபிளையும் மாற்றி, மென்பொருளையும் மாற்றினால், சரிவந்தாலும் எதனால் சரிவந்தது என்று தெரியாது.

ஒரு பழைய பயிற்சிக் கொப்பியில் நான்கு கோடு போட்டேன். "மின்சாரம் – விளக்கு எரிகிறது – சரி" என்று முதல் வரியில் எழுதினேன்.

விளக்கு எரிவது மின்சாரம் போகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. தகவல் போகிறதா என்பது வேறு கேள்வி. யுஎஸ்பி சாதனம் ஒன்றை இணைத்ததும் விண்டோஸ் ஒரு சிறு மணிச் சத்தம் எழுப்பும். டிரைவர் இல்லாவிட்டாலும் அந்தச் சத்தம் வரும். ஏனென்றால் சாதனத்திற்கும் கணினிக்கும் இடையில் கேபிள் வழியாக முதல் ஸலாம் பரிமாறப்பட்டுவிட்டது. எங்கள் ஸ்கேனரைச் செருகியபோது சத்தம் வரவில்லை. லெப்டொப்பின் மற்றப் பக்கத்துத் துளையில் செருகினேன். அப்போதும் இல்லை. கடையில் பாவித்த அந்தக் கேபிளின் முனை சற்று வளைந்திருந்தது. சதுர முனையுள்ள இந்தக் கேபிளும் பெரும்பாலான பிரிண்டர்களுக்குப் பாவிக்கும் கேபிளும் ஒன்றுதான். வாப்பா பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்களுடைய பிரிண்டர் கேபிளை இரவல் வாங்கி வந்தார்.

செருகினேன். மணிச் சத்தம் வந்தது.

மென்பொருளைத் திறந்தேன். மீண்டும் அதே வரி. வருடி எதுவும் கண்டறியப்படவில்லை.

தம்பி சோர்ந்துபோனான். "கேபிள மாத்தியும் வேலயில்ல ராத்தா" என்றான். இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். திரை மாறவில்லை என்பதால் எதுவுமே மாறவில்லை என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் கொப்பியைப் பார்த்தால் மாற்றம் தெரிந்தது. சற்று முன்னர் இரண்டாவது வாசலில் நின்ற நாங்கள் இப்போது மூன்றாவது வாசலுக்கு வந்துவிட்டோம். ஒரே வரி, ஆனால் காரணம் வேறு. ஒரு சாதனத்தில் ஒரு கோளாறுதான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. இரண்டு கோளாறுகள் ஒன்றாக இருந்தால், ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றது வாயைத் திறந்து அதே பதிலைத்தான் சொல்லும்.

அடுத்து விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் என்ற பகுதியைத் திறந்தேன். தொடக்கப் பொத்தானை வலது பக்கமாகச் சொடுக்கினால் அது வரும். கணினியோடு இணைந்துள்ள எல்லாச் சாதனங்களின் இடாப்பும் அங்கே இருக்கும். "ஏனைய சாதனங்கள்" என்ற தலைப்பின் கீழ் எங்கள் ஸ்கேனரின் மாதிரி இலக்கம் இருந்தது. அருகில் ஒரு மஞ்சள் முக்கோணம். அதைத் திறந்தால் குறியீடு 28 என்று ஒரு செய்தி. இந்தச் சாதனத்திற்குரிய டிரைவர் நிறுவப்படவில்லை என்பது அதன் பொருள்.

இதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஸ்கேனர் உயிரோடு இருக்கிறது, தன் பெயரையும் சொல்லிவிட்டது. அது பேசும் மொழி எங்கள் கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

யுஎஸ்பி சாதனம் ஒவ்வொன்றிலும் இரண்டு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும், மற்றது அந்த மாதிரியைக் குறிக்கும். எங்கள் அடையாள அட்டை இலக்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவைஸ் மேனேஜரில் அந்தச் சாதனத்தின் விபரங்களுக்குள் வன்பொருள் அடையாளம் என்ற இடத்தில் அதைக் காணலாம். நான்கு எழுத்தும் நான்கு எழுத்துமாக அதைக் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் டிரைவர் இருந்தது. ஆனால் அது பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்து 32 பிற் டிரைவர். எங்கள் லெப்டொப்பில் இருப்பது 64 பிற் விண்டோஸ் 10. 64 பிற் விண்டோஸ் 32 பிற் சாதன டிரைவரை ஏற்றுக்கொள்ளாது. எத்தனை தடவை நிறுவினாலும் ஏற்றுக்கொள்ளாது. பழைய ஸ்கேனர்கள் பல நல்ல நிலையில் இருந்தும் வீசப்படுவதற்கு இதுதான் காரணம். கண்ணாடி, விளக்கு, மோட்டார் எல்லாம் சரி. புதிய கணினிக்கு அதை அறிமுகப்படுத்தும் ஒரு சிறு மென்பொருள் மட்டும் எழுதப்படவில்லை.

தம்பி போனில் தேடி, "எல்லா டிரைவரும் இலவசம்" என்று ஒரு தளத்தைக் கண்டுபிடித்தான். இறக்க விடவில்லை. டிரைவர் என்பது கணினியின் அடித்தளம் வரை செல்லும் அனுமதியுள்ள மென்பொருள். முன்பின் தெரியாத ஒருவர் கொடுக்கும் டிரைவரை நிறுவுவது வீட்டுச் சாவியைத் தெருவில் போகிறவரிடம் கொடுப்பதற்குச் சமம். தயாரித்தவரிடமிருந்தோ, எல்லோருக்கும் தெரிந்த நம்பகமான இடத்திலிருந்தோ மட்டுமே அதை எடுக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை டீச்சருக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். கொப்பியில் இருந்ததை அப்படியே வாசித்துச் சொன்னேன். டீச்சர் பதில் அனுப்பினார். "மகள், விளங்காத கணினிக்கு விளங்க வைக்கிறத விட, விளங்குற கணினிகிட்ட கொண்டு போங்க. உபுண்டுவப் பற்றிப் படிச்சம் தானே?"

உபுண்டு என்பது லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இலவசப் பணிசெயல் முறைமை. அதை ஒரு பென் டிரைவில் எழுதி, கணினியில் நிறுவாமலேயே அந்தப் பென் டிரைவிலிருந்து இயக்கலாம். விண்டோஸுக்கோ அதிலுள்ள கோப்புகளுக்கோ ஒன்றும் ஆகாது. லினக்ஸில் ஸ்கேனர்களுக்காக சேன் என்று ஒரு திட்டம் இருக்கிறது. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் பல வருடங்களாகப் பல நூறு ஸ்கேனர்களுக்கு டிரைவர் எழுதிச் சேர்த்து வருகிறார்கள். நிறுவனங்கள் மறந்துபோன பழைய மாதிரிகளையும் அவர்கள் மறக்கவில்லை.

அத்துடன் அவர்களுடைய தளத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. சாதனத்தின் இரண்டு இலக்கங்களையும் கொடுத்தால் அந்த ஸ்கேனர் வேலை செய்யுமா, எந்த அளவுக்கு வேலை செய்யும் என்று சொல்லும். பல ஜிபி டேட்டாவைச் செலவழித்து இறக்குவதற்கு முன்னர் அதைப் பார்ப்பதுதான் புத்தி. கொப்பியிலிருந்த இலக்கங்களைப் போனில் தட்டினேன். எங்கள் ஸ்கேனருக்கு எதிரே "நன்று" என்று இருந்தது.

இரவு நேர டேட்டாவில் உபுண்டுவை இறக்கினோம். வாப்பா தஹஜ்ஜுத்துக்கு எழும்பியபோது இறங்கி முடிந்திருந்தது. சுபஹுக்குப் பிறகு ரூபஸ் என்ற சிறிய இலவச மென்பொருளால் அதைப் பென் டிரைவில் எழுதினேன். அப்படி எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் வெறும் பென் டிரைவ் ஒன்றையே எடுத்திருந்தேன். லெப்டொப்பை அணைத்து, போடும்போது எப்12 விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். இந்த விசை கணினிக்குக் கணினி மாறும். பென் டிரைவைத் தேர்ந்தேன். நிறுவாமல் முயன்று பார் என்ற தெரிவைக் கொடுத்தேன். சற்று நேரத்தில் வேறொரு முகம் கொண்ட கணினியாக எங்கள் லெப்டொப் எழுந்து வந்தது.

ஸ்கேனர் மென்பொருளைத் திறந்தபோது மேலே எங்கள் ஸ்கேனரின் பெயர் இருந்தது. எந்த டிரைவரும் கேட்கவில்லை. ஸ்கேன் என்பதை அழுத்தினேன். கண்ணாடிக்குக் கீழே வெளிச்சம் மெதுவாக நகரத் தொடங்கியது.

கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருந்த உம்மும்மா கேட்டார். "இப்ப அதுக்குத் தெரியுதா மகள்?"

"தெரியுது உம்மும்மா."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப உறுதிய முதல்ல வைங்க."

உறுதியை அவரே விரித்துக் கண்ணாடியில் வைத்தார். மூடியை நான் மெதுவாகச் சாத்தினேன். 600 டிபிஐயில், நிறத்தில் எடுத்தோம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கறையும் மையும் ஒரே கறுப்பாகிவிடும். நிறத்தில் எடுத்தால் இரண்டையும் பிறகு பிரித்துப் பார்க்கலாம். பென் டிரைவிலிருந்து இயங்கும் உபுண்டுவை அணைத்தால் அதில் சேமித்தவை எல்லாம் போய்விடும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் வேறொரு பென் டிரைவில் உடனுக்குடன் சேமித்தோம்.

ஞாயிறு பின்னேரம் உறுதியின் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பதிவகம் இட்ட குறிப்பில் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் நீல மையில் எழுதப்பட்டிருந்தன. பக்க இலக்கத்தின் கடைசி எண் சரியாக மடிப்பின் மேல், கறைக்குள் இருந்தது. வெறுங் கண்ணுக்கு அது "1". யார் பார்த்தாலும் அப்படித்தான் வாசிப்பார்கள்.

நிறப் படம் ஒன்று உண்மையில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று படங்களின் சேர்க்கை. கிம்ப் என்ற இலவச மென்பொருளில் அவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கலாம். மஞ்சளும் மண்ணிறமும் கலந்த கறை சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். நீல மை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே சிவப்புப் படத்தை மட்டும் பார்த்தால் கறை வெளிறிப்போய் மை கறுத்து நிற்கும். அப்படிப் பார்த்தபோது அந்த "1"இன் தலையிலிருந்து இடப்பக்கமாக ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. அது "7".

வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். மாமாவுக்குக் கோல் எடுத்தார். மாமா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப நாம கேட்டது வேற யாரோட பக்கமோ" என்றார்.

திங்கட்கிழமை அவர் போனார். புதிய பக்க இலக்கத்தைச் சொல்லி விண்ணப்பித்தார். சில நாட்களின் பின்னர் அந்தப் பக்கம் கிடைத்தது. உம்மும்மாவின் வாப்பாவுடைய பெயர் அதில் இருந்தது. காணி விடயம் இன்னும் முடியவில்லை. எல்லை பார்க்க வேண்டும், பற்றை வெட்ட வேண்டும், இன்னும் எத்தனையோ கடிதங்கள் எழுத வேண்டும். ஆனால் "இல்லை" என்று சொல்லப்பட்டது அங்கேதான் இருந்தது. இத்தனை காலமும் அதே பதிவேட்டில், அதே மையில் இருந்திருக்கிறது. நாங்கள் கேட்ட கேள்விக்குத்தான் அது தெரியவில்லை.

பையில் இருந்த மற்றத் தாள்களையும் அன்றிரவு எடுத்து முடித்தோம். உறுதிக்கும் சான்றிதழ்களுக்கும் இடையில் ஒரு நீல நிற அட்டை மடிந்து கிடந்தது. உம்மாவின் மூன்றாம் ஆண்டு மாணவர் தேர்ச்சி அறிக்கை, 1990. முதலாந் தவணைப் புள்ளிகள் இருந்தன. இரண்டாந் தவணைப் புள்ளிகள் இருந்தன. மூன்றாந் தவணைக்குரிய நிரல் மேலிருந்து கீழ்வரை வெறுமையாக இருந்தது. உம்மா அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கணக்குக்கு எண்பத்தாறு, பாத்தீங்களா" என்று எங்களிடம் காட்டிச் சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குப் போனார். அந்த அட்டையையும் 600 டிபிஐயில் எடுத்தேன்.

ஸ்கேனரின் வரலாற்றைப் பின்னர் வாசித்தபோது ஒரு செய்தி என்னைக் கவர்ந்தது. 1957இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்ற பொறியியலாளரும் அவருடைய குழுவினரும் கணினிக்குள் முதன்முதலாக ஒரு புகைப்படத்தைச் செலுத்தினார்கள். அது எந்த அரச ஆவணமும் அல்ல. மூன்று மாதக் குழந்தையாக இருந்த அவருடைய மகனின் படம். பக்கத்துக்கு 176 புள்ளிகள் மட்டுமே கொண்ட சிறிய, மங்கலான படம். எங்கள் வீட்டில் ஒரு ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் ஏறத்தாழ 2480க்கு 3508 புள்ளிகள் வருகின்றன. இயந்திரம் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. அதில் வைக்கப்படுவது இன்றும் பெரும்பாலும் வீட்டுப் பொருள்தான்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் நூல்களும் சாம்பலாகின. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் வருடி இணையத்தில் வைத்திருக்கிறது. நூல்களுக்கு அப்படி ஒரு இடம் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டு அலுமாரிகளில் உள்ள பைகளுக்கு நாங்கள்தான் பொறுப்பு.

ஆகவே தோழிகளே, உங்கள் வீட்டில் ஒரு பழைய ஸ்கேனர் கண்டறியப்படாமல் கிடந்தால் இந்த ஒழுங்கில் பாருங்கள். பூட்டு, மின்சாரம், கேபிள், துளை, டிரைவர், கடைசியாக மென்பொருள். டிரைவர் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் விண்டோஸில் படமெடுக்கும் சேவை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிடவும் ஸ்கேன் செய்யவும் கூடிய புதிய இயந்திரமாக இருந்து, அச்சு மட்டும் வேலை செய்தால், அச்சுக்குரிய டிரைவர் மட்டும் நிறுவப்பட்டிருக்கலாம். முழுமையான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து நிறுவுங்கள். ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதுங்கள்.

ஆவணங்களை எடுக்கும்போது எழுத்துக்கு 300 டிபிஐ போதும். மங்கிய எழுத்துக்கும் சிறிய படங்களுக்கும் 600 நல்லது. எப்போதும் நிறத்தில் எடுங்கள். கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள், தண்ணீரை நேரே தெளிக்காதீர்கள். கோப்புக்கு ஆளின் பெயரும் ஆவணத்தின் பெயரும் வருடமும் வரும்படி பெயர் வையுங்கள். மூன்று பிரதிகள் வைத்திருங்கள். அதில் ஒன்றாவது வேறொரு வீட்டில் இருக்கட்டும். அடையாள அட்டை இலக்கம் உள்ள தாள்களைக் குடும்பக் குழுக்களில் அனுப்பி விளையாடாதீர்கள். மூலத் தாளைப் பத்திரமாகப் பழைய இடத்திலேயே வையுங்கள். பிரதி இருக்கிறது என்பதற்காக மூலத்தை வீசக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கணினியோடு இருக்கும் நேரத்தில் ஒரு பின்னேரத்தை இதற்காகக் கேளுங்கள். வடக்கிலிருந்து வந்தவர்களிடம் மட்டுமல்ல, கிழக்கில் ஆழிப்பேரலையில் தப்பியவர்களிடமும், வெள்ளத்தில் வீடு மூழ்கியவர்களிடமும், எதையும் இழக்காமல் ஒரே ஊரில் வாழ்ந்தவர்களிடமும் இப்படி ஒரு பை இருக்கும். உம்மும்மாவோ வாப்பும்மாவோ உயிரோடு இருக்கும்போதே அவர்களை அருகில் இருத்தி அந்தப் பையைத் திறவுங்கள். ஒவ்வொரு தாளையும் கண்ணாடியில் வைக்கும்போது அது யாருடையது, எப்படி வந்தது என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். தாளில் எழுதப்படாத விபரமெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது.